துறைமுகத்துக் குமாஸ்தா

மலர்க்குழு நண்பர்கள் போன் செய்து கட்டுரை கேட்டபோது முதலில் தட்டிக்கழிக்கத்தான் பார்த்தேன். எழுத்து நமக்கு வராது, பில் ஆஃப் என்ட்ரி பூர்த்தி செய்யச் சொன்னால் செய்வேன் என்றேன். அவர்கள் விடவில்லை. கணித மாணவன்தானே நீ, நூற்றாண்டு விழாவில் மேடையேறிப் பேசினவனாச்சே, ராமானுஜனைப் பற்றி எழுது என்றார்கள். அந்த விழாவை ஞாபகப்படுத்தியதும் எனக்குப் பழைய கூச்சம் ஒன்று திரும்ப வந்துவிட்டது. அதையே முதலில் சொல்லிவிடுகிறேன்.

1987 டிசம்பர். ராமானுஜன் பிறந்து நூறு ஆண்டு. நம் கல்லூரிக் கணித மன்றத்திலும் விழா. மூன்றாம் ஆண்டு மாணவர்கள் சார்பில் நான்தான் பேச்சாளன். நமக்குத்தான் வாய் இருக்கிறதே! ஐரோப்பாக்காரன் கண்டுபிடித்ததெல்லாம் நம் முன்னோர்கள் எப்போதோ கண்டுபிடித்துவிட்டார்கள், கால்குலஸ் நம்முடையது, பூமி சுழல்வது நாம் சொன்னது, ஆகாய விமானம்கூட நாம் விட்டதுதான் என்று வெளுத்து வாங்கினேன். பையின் மதிப்புக்கான முடிவில்லாத் தொடரை லைப்னிட்ஸுக்கு முன்பே மாதவன் சொன்னார் என்றபோது கைதட்டல் அடங்க நேரமாயிற்று. காசிமேட்டிலிருந்தும் எண்ணூரிலிருந்தும் வந்த எங்கள் கோஷ்டி விசில் வேறு அடித்தது.

முன்வரிசையில் எங்கள் கணிதப் பேராசிரியர் உட்கார்ந்திருந்தார். விழா முடிந்ததும் என்னைக் காலியான ஒரு வகுப்பறைக்கு அழைத்துப்போனார். சாக்பீஸைக் கையில் கொடுத்து, நீ சொன்ன அந்தத் தொடரை எழுது என்றார். எழுதினேன். ஒன்றிலிருந்து மூன்றிலொன்றைக் கழி, ஐந்திலொன்றைக் கூட்டு, ஏழிலொன்றைக் கழி... இப்படியே போனால் பையில் கால்பங்கு. சரி, ஏன் அப்படி என்று கேட்டார். நின்றேன். விடை தெரியாமல் நின்றேன். அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் மறந்துபோயிருக்கும். சாக்பீஸை மேஜைமேல் வைக்கச் சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார்.

அதற்குப் பிறகுதான் ராமானுஜனின் கதையை நான் ஒழுங்காகப் படிக்க ஆரம்பித்தேன்.

1887 டிசம்பர் 22-ல் ஈரோட்டில், தாய்வழிப் பாட்டி வீட்டில் பிறந்தவர் ஸ்ரீநிவாச ராமானுஜன். வளர்ந்தது கும்பகோணத்தில். அப்பா ஒரு ஜவுளிக்கடையில் கணக்கெழுதும் குமாஸ்தா. சொற்பச் சம்பளம். வீட்டில் கல்லூரி மாணவர்களுக்கு இடம் கொடுத்துச் சாப்பாடு போட்டுக் கொஞ்சம் வருமானம் பார்த்தார்கள். டவுன் ஹைஸ்கூலில் படிக்கும்போது ஒரு பி.ஏ. மாணவரிடமிருந்து லோனி எழுதிய திரிகோணமிதிப் புத்தகத்தின் இரண்டாம் பாகத்தை இரவல் வாங்கி முழுதும் போட்டு முடித்தார்.

நான்காம் பாரத்தில் இருக்கும்போது ஒரு காரியம் நடந்தது. சைன், கோசைன் இரண்டையும் பற்றி ஆய்லர் கண்ட ஒரு முடிவை யாருடைய துணையும் இல்லாமல் பையன் தானாகவே கண்டுபிடித்துவிட்டான். உலகத்தில் முதலில் கண்டது நாம்தான் என்று நினைத்துச் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். பிறகுதான் தெரிந்தது, நூற்றைம்பது வருஷத்துக்கு முன்னாலேயே அது ஐரோப்பாவில் அச்சில் வந்துவிட்டது என்று. அந்தக் காகிதங்களை எடுத்துப்போய் வீட்டுக் கூரையில் செருகி ஒளித்துவைத்துவிட்டார். அவமானம்! கிட்டத்தட்ட பதிமூன்று, பதினான்கு வயசுப் பையன், செய்யாத திருட்டுக்குக் கூச்சப்பட்ட மாதிரி.

இந்த இடத்தில் ராமானுஜனைக் கொஞ்சம் நிற்க வைத்துவிட்டு, கும்பகோணத்திலிருந்து மேற்கே மலையைத் தாண்டிப் போய்வர வேண்டும்.

ஆய்லர் அந்த முடிவில் கற்பனை எண்ணைக் கொண்டுவந்து இணைத்தது அவருடைய சாதனை, அதில் யாரும் பங்கு கேட்க முடியாது. ஆனால் அதற்கு அடித்தளமான சைன், கோசைன் முடிவில்லாத் தொடர்கள் இருக்கின்றனவே, அவற்றை நியூட்டன் 1660களில் கண்டார். அதற்கு இரண்டரை நூற்றாண்டுக்கும் முன்பே, 1400-ஐ ஒட்டி, கேரளத்தில் இரிஞ்ஞாலக்குடா பக்கம் வாழ்ந்ததாகச் சொல்லப்படும் சங்கமகிராம மாதவன் கண்டுவிட்டார். அவருடைய முக்கியமான கணித நூல்கள் நமக்குக் கிடைக்கவில்லை. சீடர்களும் சீடர்களின் சீடர்களும் இது மாதவன் சொன்னது என்று எழுதிவைத்ததால் தெரிகிறது. வட்டத்தின் விட்டம் 90,000 கோடி என்றால் சுற்றளவு 2,82,743 கோடியே 33 லட்சத்து 88 ஆயிரத்து 233 என்று அவர் கணக்கு. வகுத்துப் பாருங்கள், பையின் மதிப்பு பதினோரு தசம இடம்வரை சரியாக வரும்.

நான் கரும்பலகையில் எழுதினேனே, அந்தத் தொடரை அப்படியே கூட்டினால் இது வராது. நூறு உறுப்பு கூட்டினாலும் இரண்டாவது தசமமே தப்பாகத்தான் நிற்கும். அவ்வளவு நத்தை வேகம். எந்த இடத்தில் நிறுத்துகிறோமோ அந்த இடத்துக்கு ஏற்ற ஒரு திருத்தத்தைக் கடைசியில் சேர்த்தால் சட்டென்று துல்லியம் கூடிவிடும் என்றும் அந்தக் கேரளத்துக்காரர்கள் கண்டிருந்தார்கள். தொடரைக் கண்டதைவிட இந்தத் திருத்தத்தைக் கண்டதுதான் பெரிய கெட்டிக்காரத்தனம் என்பது என் அபிப்பிராயம்.

என் பேராசிரியர் கேட்ட ஏன் என்ற கேள்விக்கு விடையும் அங்கேயே இருந்தது. 1530 வாக்கில் ஜ்யேஷ்டதேவர் என்பவர் யுக்திபாஷை என்று ஒரு நூல் எழுதினார். சமஸ்கிருதத்தில் அல்ல, ஊர்ப் பாஷையான மலையாளத்தில், உரைநடையில். யுக்தி என்றால் காரணம். விதியைச் சொல்லிவிட்டு ஓடிப்போகாமல், அது ஏன் சரி என்று படிப்படியாக விளக்குகிற புத்தகம். நம் நாட்டுக் கணக்கர்கள் விடையை மட்டும் சொல்வார்கள், நிரூபணம் அவர்களுக்குத் தெரியாது என்று ரொம்ப நாள் ஒரு பேச்சு இருந்தது. யுக்திபாஷையைப் புரட்டியவர்கள் அப்படிச் சொல்ல மாட்டார்கள்.

வேடிக்கை என்னவென்றால், இது ரகசியமாகவும் இல்லை. கிழக்கிந்தியக் கம்பெனியின் சென்னை மாகாண சிவில் உத்தியோகத்தில் இருந்த சார்லஸ் விஷ் என்ற வெள்ளைக்காரர் இந்த நூல்களைத் தேடிப் படித்து எழுதிய கட்டுரை 1834-ல் ராயல் ஆசியச் சங்கத்தின் வெளியீட்டில் ஆங்கிலத்திலேயே அச்சாகிவிட்டது. பார்த்தவர்கள் குறைவு, நம்பியவர்கள் அதைவிடக் குறைவு. கும்பகோணத்துப் பையன் காகிதத்தைக் கூரையில் செருகும்போது அந்தக் கட்டுரைக்கு வயசு அறுபதைத் தாண்டிவிட்டது. அவன் படித்த எந்தப் பாடப்புத்தகத்திலும் மாதவன் பெயர் கிடையாது. ஆய்லருக்குப் பின்னால் வந்துவிட்டோமே என்று குன்றிப்போனவனுக்கு, பக்கத்துச் சீமையில் ஐநூறு வருஷத்துக்கு முன்னால் ஒருத்தர் இதே வழியில் நடந்திருக்கிறார் என்று சொல்ல அன்றைக்கு ஒரு வாத்தியார் இல்லை.

பதினாறாவது வயதில் ராமானுஜன் கையில் கிடைத்தது வேறு ஒரு புத்தகம். லண்டனில் பரீட்சைக்குத் தனிப்பாடம் சொல்லிக்கொடுத்த கார் என்பவர் தொகுத்தது. ஐயாயிரம் சூத்திரங்களுக்குக் கொஞ்சம் குறைவு. ஒன்றுக்குக் கீழ் ஒன்றாகச் சூத்திரம், அவ்வளவுதான். நிரூபணம் அநேகமாகக் கிடையாது, இருந்தாலும் ஒரு வரிக் குறிப்பு. நம் காலத்துக் கைடு மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்களேன். ஒவ்வொரு சூத்திரத்தையும் தானே வருவித்துப் பார்த்து, அதற்கு மேலும் போனார். அந்தப் புத்தகத்தின் பாணியிலேயே தன் நோட்டுகளிலும் முடிவை மட்டும் எழுதினார். காகிதம் விலை என்பதால் சிலேட்டில் போட்டு, முழங்கையால் அழித்து, விடையை மட்டும் நோட்டில் ஏற்றினார் என்பதும் ஒரு காரணம். ராமானுஜன் நிரூபணம் தராதது இந்திய மரபு என்று பலர் எழுதியிருக்கிறார்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை. அவர் கற்றது ஓர் ஆங்கிலேயரின் பரீட்சை கைடிலிருந்து. நிரூபணம் நிறைந்த நம்ம ஊர்ப் புத்தகம் ஓலைச்சுவடியில் தூங்கிக்கொண்டிருந்தது.

மற்றது உங்களுக்குத் தெரிந்த கதை. கும்பகோணம் கல்லூரியில் கணக்கைத் தவிர மற்றதில் கவனமில்லாமல் ஸ்காலர்ஷிப் போயிற்று. 1906-ல் சென்னைக்கு வந்து பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்தார். அப்போது கல்லூரி நம்ம பாரிமுனைப் பக்கம்தான் இருந்தது. எஃப்.ஏ. பரீட்சையில் பெயில். அடுத்த வருஷம் தனியாக எழுதி மறுபடியும் பெயில். நமது பேட்சில் அரியர் வைத்திருந்த நண்பர்கள் இந்தப் பகுதியை மட்டும் மனப்பாடமாக வைத்திருந்தார்கள்! 1909-ல் ஜானகியுடன் கல்யாணம். வேலை தேடி நோட்டுகளைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு அலைந்தார். திருக்கோவிலூரில் டெபுடி கலெக்டராக இருந்த வி. ராமசாமி ஐயர், இந்தியக் கணிதக் கழகத்தைத் தொடங்கியவர், அவர் நோட்டைப் பார்த்து மலைத்தார். நெல்லூர் கலெக்டர் ராமச்சந்திர ராவ் மாதம் 25 ரூபாய் கொடுத்தார். தர்மத்தில் வாழப் பிடிக்காமல்தான் ராமானுஜன் துறைமுகத்துக்கு மனுப்போட்டார்.

இனிமேல் நம்ம ஏரியா.

1912 மார்ச் 1-ம் தேதி சென்னைத் துறைமுகப் பொறுப்புக் கழகத்தின் கணக்குப் பிரிவில் மூன்றாம் வகுப்பு, நான்காம் நிலைக் குமாஸ்தாவாகச் சேர்ந்தார். சம்பளம் மாதம் 30 ரூபாய். ஜார்ஜ் டவுனில் சைவ முத்தையா முதலி தெருவில் குடித்தனம். பாட்டி கூட இருந்தார், பிறகு அம்மாவும் ஜானகியும் வந்தார்கள். நான் டிகிரி முடித்து மண்ணடியில் ஒரு கிளியரிங் ஏஜென்ட் ஆபீஸில் வேலைக்குச் சேர்ந்தபோது கஸ்டம்ஸ் ஹவுசுக்கும் துறைமுக கேட்டுக்கும் நடுவே ஒரு நாளைக்கு நாலு தடவை நடப்பேன். ஒரு மத்தியானம் லாரி நெரிசலில் மாட்டிக்கொண்டு குறுக்குச் சந்தில் நுழைந்தவன், தெருப் பெயர்ப்பலகையைப் பார்த்துவிட்டு அப்படியே நின்றுவிட்டேன். அதே தெரு. கைவண்டிக்காரர் திட்டிய பிறகுதான் நகர்ந்தேன்.

கணக்குப் பிரிவில் அவருக்கு வேலை அதிகமில்லை. ஓய்ந்த நேரத்தில் தன் கணக்கைப் போட்டுக்கொண்டிருப்பார். கப்பல் சரக்கு சுற்றி வருகிற பேக்கிங் காகிதத்தைப் பொறுக்கி எடுத்து அதில் எழுதுவார் என்று சொல்வார்கள். கண்டெய்னர் காலத்தில் வேலை பார்த்த என்னைப் போன்றவர்களுக்கு அந்தப் பேக்கிங் காகிதம் கண்ணில் படவே இல்லை. பட்டிருந்தாலும் கடலைதான் மடித்திருப்போம்.

அவருக்கு வாய்த்த மேலதிகாரிதான் பெரிய அதிர்ஷ்டம். எஸ். நாராயண ஐயர். அவரே கணிதம் படித்தவர், கணிதக் கழகத்தின் பொருளாளர். சாயங்காலத்தில் இரண்டு பேரும் ஆளுக்கொரு சிலேட்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார்கள். ராமானுஜன் இரண்டு வரியில் தாண்டிப் போய்விடுவார். நாராயண ஐயருக்கு நடுவில் பத்துப் படி தேவைப்படும். எனக்கே புரியாததை வெளியூர்க்காரன் எப்படிப் புரிந்துகொள்வான், படிகளை எழுது என்று வற்புறுத்துவாராம். ராமானுஜனின் வாழ்க்கையில் யுக்தியைக் கேட்டவர்களில் முக்கியமானவர் துறைமுகத்து அதிகாரி ஒருவர் என்பதில் எனக்கு ஒரு தனிப் பெருமை.

தலைவர் சர் பிரான்சிஸ் ஸ்பிரிங் எஞ்சினியர். நம் துறைமுகத்தின் பழைய கிழக்கு வாசலை மூடிவிட்டு வடகிழக்கில் புது வாசல் அமைந்தது அவர் காலத்தில்தான். நாராயண ஐயர் சொல்லி அவரும் இந்தக் குமாஸ்தாவுக்காகக் கடிதங்கள் எழுதினார். கேம்பிரிட்ஜில் இரண்டு பேராசிரியர்களுக்கு அனுப்பியது பலிக்கவில்லை. 1913 ஜனவரி 16-ம் தேதி ஹார்டிக்கு ஒரு கடிதம் போயிற்று. நான் துறைமுகக் கணக்குப் பிரிவில் வருஷம் 20 பவுன் சம்பளத்தில் இருக்கும் குமாஸ்தா என்று ஆரம்பித்து, கூடவே பக்கம் பக்கமாகச் சூத்திரங்கள். வயது சுமார் 23 என்று எழுதியிருந்தார், நிஜத்தில் 25. ஹார்டி பார்த்தார், லிட்டில்வுட்டைக் கூப்பிட்டுக் காட்டினார், ஒரு ராத்திரிக்குள் இது மோசடியில்லை, மேதை என்று தெரிந்துகொண்டார்கள். பதில் கடிதத்தில் ஹார்டி கேட்டது என்ன தெரியுமா? நிரூபணம். கேட்டதும் நியாயம்தான். பகா எண்களின் எண்ணிக்கைக்கு ராமானுஜன் அனுப்பிய சூத்திரம், அவர் சொன்ன அளவு துல்லியமாக இல்லை, தப்பு. மற்றவற்றில் சில ஐரோப்பாவில் தெரிந்தவை, பல யாருமே பார்த்திராதவை.

அதே வருஷம் வானிலைத் துறைத் தலைவர் கில்பர்ட் வாக்கர் துறைமுகத்துக்கு வந்தபோது நோட்டுகளைப் பார்த்துவிட்டுப் பல்கலைக்கழகத்துக்குச் சிபாரிசு செய்தார். 1913 மே 1 முதல் மாதம் 75 ரூபாய் உதவித்தொகை. பதினாலு மாதக் குமாஸ்தா வாழ்க்கை முடிந்தது. எஃப்.ஏ. தேறாதவருக்கு ஆராய்ச்சி உதவித்தொகை கொடுக்க விதி இடம் கொடுக்காது, இருந்தும் கொடுத்தார்கள். இந்த ஒரு விஷயத்துக்காகச் சென்னைப் பல்கலைக்கழகத்தின் பழைய பெரிய மனிதர்களைக் கும்பிடலாம்.

1914 மார்ச் 17-ல் நெவாசா என்ற கப்பலில் சென்னையிலிருந்து புறப்பட்டார். குடுமியை எடுத்தாயிற்று, கோட்டு மாட்டியாயிற்று. ஆறு மாதம் கழித்து செப்டம்பர் 22 ராத்திரி எம்டன் வந்து இதே துறைமுகத்தின் எண்ணெய்த் தொட்டிகளைக் கொளுத்தியது.

கப்பலில் போகிறவருக்குக் கரை பின்னால் நகர்கிற மாதிரி தெரியும். நான் சின்ன வயசில் காசிமேட்டில் மாமா படகில் ஏறியபோது, ராயபுரம் சர்ச் கோபுரம் நம்மை விட்டு ஓடுகிறதே என்று அழுதேனாம். வீட்டில் இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பார்கள். 499-ல், 23 வயதில், ஆரியபட்டர் எழுதிய நூலில் இதே உவமைதான் இருக்கிறது. படகில் முன்னே போகிறவனுக்கு அசையாத பொருள்கள் பின்னே போவதாகத் தெரிவதுபோல, நிலையாக நிற்கும் நட்சத்திரங்கள் மேற்கே போவதாகத் தெரிகின்றன, சுழல்வது பூமிதான் என்று. கோப்பர்நிக்கஸுக்கு ஆயிரம் வருஷத்துக்கு முன்னால்! ஆனால் அவருக்குப் பின்வந்த பிரம்மகுப்தர் போன்ற நம் ஆட்களே இதை ஒப்புக்கொள்ளவில்லை, உரையாசிரியர்கள் பூசி மெழுகினார்கள். இதையும் அன்றைக்கு மேடையில் நான் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை, கைதட்டல் குறைந்திருக்கும்.

கேம்பிரிட்ஜ் ஐந்து வருஷத்தை நான் வேகமாகக் கடக்கப்போகிறேன். பையைக் கணக்கிட அவர் 1914-ல் வெளியிட்ட தொடர்களில் ஒன்று, ஒவ்வோர் உறுப்புக்கும் எட்டு இலக்கம் துல்லியம் கூட்டும். 1985-ல் அதைக் கொண்டு கம்ப்யூட்டரில் 1 கோடியே 70 லட்சம் இலக்கத்துக்கு மேல் போனார்கள். நத்தைத் தொடருக்குத் திருத்தம் போட்டு ஓடவிட்ட மாதவனின் ஊர்ப்பக்கத்திலிருந்து, ஐநூறு வருஷம் கழித்து, பறக்கிற தொடர் ஒன்று. 1918-ல் ராயல் சொசைட்டி உறுப்பினர், அதே ஆண்டு டிரினிட்டி கல்லூரியின் ஃபெல்லோ. 1729 கதை உங்கள் பிள்ளைகளுக்கே தெரியும், விட்டுவிடுகிறேன்.

ஒரு சம்பவத்தை மட்டும் விட மனசில்லை. பிரசாந்த சந்திர மகலனோபிஸ், பிற்காலத்தில் புள்ளியியலில் பெரிய பெயர் எடுத்தவர், அப்போது கேம்பிரிட்ஜ் மாணவர். ராமானுஜன் அறையில் அடுப்பில் காய்கறி கிண்டிக்கொண்டிருக்க, இவர் ஒரு பத்திரிகையில் வந்த புதிரைப் படித்தார். ஒரு தெருவில் வரிசையாக வீடுகள், ஒன்றாம் நம்பரிலிருந்து. ஒரு வீட்டுக்கு ஒரு பக்கம் இருக்கும் கதவு எண்களின் கூட்டுத்தொகையும் மறுபக்கத்துக் கூட்டுத்தொகையும் சமம். தெருவில் வீடுகள் ஐம்பதுக்கு மேல், ஐந்நூறுக்குக் கீழ். எந்த வீடு? விடை, 288 வீடுள்ள தெருவில் 204-ம் நம்பர். ராமானுஜன் கரண்டியை வைக்காமலே ஒரு தொடர்பின்னத்தைச் சொல்லி எழுதிக்கொள்ளச் சொன்னார். அதில் இந்தத் தெரு மட்டுமல்ல, நிபந்தனைக்கு ஒத்துவரும் எல்லாத் தெருவும் அடங்கும்.

இந்தப் புதிரைப் பிரித்தால் உள்ளே இருப்பது ஒரு வர்க்கச் சமன்பாடு. ஒரு முழு எண்ணின் வர்க்கத்தை எட்டால் பெருக்கி ஒன்று கூட்டினால் இன்னொரு முழு வர்க்கம் வரவேண்டும். 204-ஐப் போட்டால் 577-ன் வர்க்கம் வரும். ஐரோப்பாவில் இந்த வகைக்கு பெல் சமன்பாடு என்று பெயர். எட்டுக்குப் பதில் 61 என்று வைத்து 1657-ல் ஃபெர்மா சவால் விட்டார். அதே 61-ஐ எடுத்துப் பாஸ்கரர் 1150-ல் சக்கரவாள முறையில் விடை சொல்லிவிட்டார், 22 கோடியே 61 லட்சத்து 53 ஆயிரத்து 980 என்று. அதற்கும் முன்னால் 628-ல் பிரம்மகுப்தர் வழி போட்டுவிட்டார். கரண்டி பிடித்த கைக்குப் பின்னால் இவ்வளவு நீளமான வரிசை நின்றது. அந்த அறையில் இருந்த இரண்டு பேரும் அதைப் பேசிக்கொண்டதாகத் தெரியவில்லை.

குளிர், யுத்தகால உணவுத் தட்டுப்பாடு, வியாதி. 1917-லிருந்து சானடோரியம் சானடோரியமாக மாறினார். 1919 மார்ச்சில் எலும்பும் தோலுமாகத் திரும்பி வந்தார். வருவதற்கு முன்பே பல்கலைக்கழகத்துக்கு ஒரு கடிதம். எனக்கு ஒதுக்கியுள்ள வருஷம் 250 பவுன் அதிகம், அதில் 50 பவுன் பெற்றோருக்கு, அவசியச் செலவு போக மிச்சம் ஏழைப் பையன்களுக்கும் அநாதைகளுக்கும் பள்ளிச் சம்பளத்துக்கும் புத்தகத்துக்கும் போகட்டும் என்று. இரண்டு தடவை பெயிலான மனிதர் அவர்! படுக்கையில் இருந்தபடியே புதுச் சூத்திரங்களை எழுதிக்கொண்டிருந்தார். 1920 ஏப்ரல் 26-ல் சேத்துப்பட்டில் காலமானார். வயது 32. கடல் தாண்டியவர் என்று சொந்தக்காரர்கள் பலர் சாவுக்குக்கூட வரவில்லை. ஜானகியம்மாள் தையல் தைத்துப் பிழைத்து, திருவல்லிக்கேணியில் நெடுங்காலம் வாழ்ந்து 1994-ல் மறைந்தார். கடைசி வருஷத்துக் காகிதங்கள் டிரினிட்டி கல்லூரி நூலகத்தில் கவனிப்பாரின்றிக் கிடந்து, 1976-ல் ஜார்ஜ் ஆண்ட்ரூஸ் கண்ணில் பட்டன. கூரையில் செருகாமலே ஒளிந்திருந்த காகிதங்கள்.

யுக்திபாஷை மட்டும் என்ன ஆயிற்று? 1940களில் சென்னையில் இருந்த சி.டி. ராஜகோபால் என்ற கணிதப் பேராசிரியரும் அவரோடு சேர்ந்து உழைத்தவர்களும் அதை எடுத்து, வரிக்கு வரி இன்றைய கணித மொழியில் விளக்கி, உலகத்தின் முன் வைத்தார்கள். விஷ் எழுதிய கட்டுரைக்கு நூறு வருஷம் கழித்து. அந்த ராஜகோபால் பிற்பாடு சென்னையில் எந்த நிறுவனத்துக்குத் தலைவர் ஆனார் தெரியுமா? ராமானுஜன் பெயரில் உள்ள உயர்கணித நிறுவனத்துக்கு. மாதவனும் ராமானுஜனும் ஒரே மேஜையில் சந்தித்தது அங்கேதான் என்று நான் நினைத்துக்கொள்வேன். இந்தத் தொடர்கள் பாதிரிமார் மூலம் ஐரோப்பாவுக்குப் போயின என்று சிலர் அடித்துச் சொல்கிறார்கள். அதற்கு இதுவரை உறுதியான ஆதாரம் எதுவும் அகப்படவில்லை. தம்பி தங்கைகள் மேடையேறும்போது ஜாக்கிரதை.

விதி தெரிந்து காரணம் தெரியாமல் போனால் என்ன ஆகும் என்பதற்கும் நம்மிடமே சாட்சி இருக்கிறது. 1825-ல் ஜான் வாரன் என்பவர் புதுச்சேரியில் ஒரு தமிழ்ப் பஞ்சாங்கக்காரரிடம் சந்திர கிரகணத்தைக் கணிக்கச் சொன்னார். அவர் தரையில் சோழியைப் பரப்பி, மனப்பாட வாய்பாட்டைக் கொண்டு, ஓர் எழுத்தும் எழுதாமல் கணித்துவிட்டார். ஆரம்ப நேரத்தில் நாலு நிமிஷம்தான் பிழை, முடிவு நேரத்தில் 52 நிமிஷம். அபாரம்! ஆனால் அந்த வாய்பாடு எதனால் சரி என்பது அவருக்குத் தெரியாது. வகுப்பறையில் நான் நின்ற அதே நிலை. என்ன, அவருக்குக் கிரகணமாவது வந்தது.

1993-ல் நம்ம ராயபுரத்திலேயே ராமானுஜன் அருங்காட்சியகம் ஒன்று திறந்தார்கள். முத்தியால்பேட்டை உயர்நிலைப்பள்ளிக் கணித ஆசிரியராக இருந்து, ராமானுஜன் கடிதங்களையும் அவரைப் பற்றிய நினைவுகளையும் அலைந்து திரட்டி 1968-ல் புத்தகமாக்கிய பி.கே. ஸ்ரீநிவாசன்தான் அதற்கு உயிர் கொடுத்தவர். மீன் வலையும் லாரி ஷெட்டும் இருக்கிற தெருக்களுக்கு நடுவே கணக்குக்கு ஒரு கோயில் மாதிரி. முதல் தடவை போய்ப் பார்த்துவிட்டு வந்த அன்று ராத்திரிதான் யுக்திபாஷை நிரூபணத்தைக் காகிதமும் பென்சிலுமாக உட்கார்ந்து போட்டேன். வட்டத்தைச் சுற்றிச் சதுரம் வரைந்து, அதன் ஒரு பக்கத்தின் பாதியைப் பல சின்னத் துண்டுகளாக வெட்டி, ஒவ்வொரு வெட்டையும் வட்ட மையத்தோடு சேர்க்க வேண்டும். ஒத்த முக்கோணங்களைக் கொண்டு ஒவ்வொரு துண்டுக்கும் எவ்வளவு வில் என்று கண்டு, துண்டுகள் எண்ணிலடங்காமல் போகும்போது கூட்டுத்தொகை என்னவாகும் என்று பார்க்க வேண்டும். எட்டில் ஒரு பங்கு வட்டத்தின் நீளம் கையில் வந்துவிடும். அதுதான் பையில் கால்பங்கு. மூணு ராத்திரி ஆயிற்று எனக்கு.

திருவொற்றியூரில் இருந்த பேராசிரியர் வீட்டுக்கு அதை எடுத்துக்கொண்டு போனேன். நான் யார் என்று ஞாபகப்படுத்த அரைமணி நேரம். கண்ணாடியை மாட்டிக்கொண்டு நாலு பக்கத்தையும் பொறுமையாகப் படித்தார். மூன்றாம் பக்கத்தில், எண்களின் அடுக்குகளைக் கூட்டும் இடத்தில், ஒரு படியைத் தாண்டிவிட்டாய் என்று பென்சிலால் சுழித்துக் கொடுத்துவிட்டு, டீ சாப்பிடுகிறாயா என்று கேட்டார்.

இந்தக் கூடுகைக்கு சாரும் வருகிறார் என்று மலர்க்குழுவில் சொன்னார்கள். கணிதத் துறை வகுப்பறையில் ஒரு கரும்பலகையும் நாலு சாக்பீஸும் ஏற்பாடு செய்துவைத்தால் புண்ணியமாகப் போகும்.